கதிரை இல்லாத கந்தோர்

எனக்குக் கலியாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ரஷ்ய அமைச்சரும் குடியிருந்தார். அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார், எந்தக் காலை இழுத்து நடப்பார், கோபம் வந்தால் குரலை எப்படித் தாழ்த்திப் பேசுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் மாமனாரைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது.

என் கணவர் எழுபதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து சோவியத் நாட்டுக்குப் போய் இயந்திரப் பொறியியல் படித்தவர். கடைசி ஆண்டில் அவரைப் பயிற்சிக்காக ஒரு பெரிய தொழிற்சாலையில் விட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் அங்கே செய்யப்பட்டன. அந்தத் தொழிற்சாலையின் இயக்குநர்தான் பிறகு அமைச்சரானவர். போர்க்காலத்தில் பெரியவர்கள் எல்லாரும் போர்முனைக்குப் போய்விட, சிறுவனாக இருந்த அவர் உயரம் எட்டாமல் பெட்டிமேல் ஏறி நின்று லேத்தில் வேலை பழகினாராம். பிறகு மாலை வகுப்பில் படித்துப் பொறியியலாளராகி, ஒரு பிரிவுக்குத் தலைவராகி, கடைசியில் முழுத் தொழிற்சாலைக்கும் இயக்குநரானாராம். தொழிலாளர் சாப்பாட்டுக்கூடத்தில் தினமும் முதல் கோப்பை சூப்பை அவர்தான் குடிப்பாராம். அது வாயில் வைக்க முடியாததாக இருந்தால் சமையல்காரர் பாடு அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் அந்த நாட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு கூத்து நடக்குமாம். மேலிடம் கொடுத்த இலக்கை எட்ட வேண்டும் என்பதற்காக, மூன்று கிழமை தூங்கிவிட்டு நான்காவது கிழமை பேய் பிடித்த மாதிரி வேலை செய்வார்களாம். அப்படி அவசரத்தில் பூட்டிய இயந்திரங்கள் வயலில் இறக்கியதும் நின்றுவிடும். எங்கள் இயக்குநர் மட்டும் இலக்கை எட்டவில்லை என்று உண்மையை எழுதி அனுப்பி, மேலிடத்தில் ஏச்சு வாங்குவாராம். கணக்கு ரீச்சரான எனக்கு அந்த மனிதரில் கொஞ்சமாவது பிடித்தது அதுதான்.

இந்தக் கதைகளை என் கணவர் எந்த இடத்தில் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடிப்பார். இயக்குநர் அமைச்சரானார், தலைநகருக்குப் போனார், மேசையில் நான்கு தொலைபேசிகள், யன்னலுக்குத் திரை போட்ட கார். அதோடு சரி. அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று கேட்டால், பெரிய பெரிய வேலைகள், உமக்கு விளங்காது என்று எழும்பிப் போய்விடுவார்.

தொண்ணூற்றொன்றின் கடைசியில் நாங்கள் கிளிநொச்சியில் இருந்தோம். மின்சாரம் இல்லை. பற்றரி கண்ணுக்கும் கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலி கேட்போம். அவர் சுற்றுவார், நான் காதைக் கிட்ட வைத்துக் கேட்டுச் சொல்லுவேன். சோவியத் நாடு இனி இல்லை என்று ஒருநாள் செய்தியில் சொன்னார்கள். அவருடைய கை நின்றுவிட்டது. கை நின்றால் வானொலியும் நின்றுவிடும். சுற்றுங்கோ, சுற்றுங்கோ என்று நான் கத்தினேன். அவர் சுற்றவில்லை. அந்த நாடு எப்படி முடிந்தது என்ற மிச்சச் செய்தியை நாங்கள் கேட்காமலே போனோம். அன்று பின்னேரம், என்ர மனுசன் இப்ப எங்க இருக்கிறாரோ என்று அவர் சொன்னது நாட்டையல்ல, அமைச்சரைத்தான்.

அப்போது அவர் கூட்டுறவுப் பட்டறை ஒன்றுக்கு மேலாளராக இருந்தார். இறைப்பு இயந்திரம், இரண்டு சில்லு உழவு இயந்திரம் எல்லாம் அங்கே திருத்துவார்கள். பெட்ரோல் தங்கத்தைவிட அரிது. எல்லா இயந்திரமும் மண்ணெண்ணெயில்தான் ஓடும். இயக்க மட்டும் குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் இருந்து நாலு துளி பெட்ரோல். அந்தப் பட்டறைக்குள் போனால் மண்ணெண்ணெய்ப் புகையில் கண் கரிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த மணம் வந்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். அது அவருடைய சட்டையின் மணம்.

பட்டறையில் உட்கார ஒரு கதிரையும் இல்லை. அது அமைச்சர், அதாவது இயக்குநராக இருந்த காலத்து அமைச்சர், சொல்லிக் கொடுத்த வழக்கம். அந்தத் தொழிற்சாலையில் காலையில் எல்லாரும் இயந்திரங்களுக்கு நடுவில் கூடி நின்று அன்றைய வேலையைப் பேசுவார்களாம். இருந்து பேசினால் கூட்டம் முடியாது, நின்றால் கால் வலிக்க முதல் முடிந்துவிடும் என்பது இயக்குநரின் கணக்கு. இயக்குநரும் அவர்களோடு நிற்பார். யாரும் அவரை ஏசலாம். கிளிநொச்சியிலும் அதேதான். காலை ஏழு மணிக்கு ஏழெட்டுப் பேர் லேத்தைச் சுற்றி நிற்பார்கள். பத்து நிமிடத்தில் யாருக்கு எந்த இயந்திரம் என்று பிரித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அவர்கள் அதற்கு நிக்கிற கூட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் அவரை அதிகம் ஏசியவர் பட்டறையில் இயந்திரம் கழற்றிப் பூட்டுகிற பிட்டர். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கு கலவரம் வந்தபோது குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். என் கணவருடைய வயதுதான். இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாலே எங்கே வருத்தம் என்று சொல்லுவார். ஐயா, அது உங்க புத்தகத்துல இருக்கும், இந்த மெசின்ல இல்லை என்று அவர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னதை என் கணவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கென்றால் கோபம் வந்தது. ரஷ்யா போய்ப் படித்தவருக்குப் பாடம் எடுக்கிறாரா என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சி முழுவதுமே எழும்பி ஓடியது. நாங்கள் ஸ்கந்தபுரத்துக்கு வந்தோம். பட்டறையின் லேத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கிடுகுக் கொட்டில் ஒன்றில் இறக்கினார்கள். பிட்டர் குடும்பமும் வந்தது. என்னுடைய பள்ளிக்கூடம் மரநிழலுக்கு மாறியது. பிள்ளைகள் மண்ணில் இருந்து, மடியில் கொப்பி வைத்துப் பின்னக்கணக்குச் செய்தார்கள்.

அடுத்த வருடம் ஊரில் விநியோகக் கந்தோர், அதாவது பங்கீட்டு அலுவலகம் ஒன்று திறந்தார்கள். மண்ணெண்ணெய், உரம், உதிரிப்பாகம் எல்லாம் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானித்துக் கையெழுத்து வைக்கிற பெரிய பதவி. இயந்திரமும் தெரிந்து நேர்மையும் உள்ள ஆள் வேண்டும் என்று அவரிடம் வந்து கேட்டார்கள். அவர் தயங்கினார். நான்தான் விடவில்லை. உங்கட அமைச்சர் மட்டும் பட்டறையில இருந்து மேல போகலாம், நீங்கள் போகக்கூடாதோ என்று கேட்டேன். எத்தனை பேருக்கு நல்லது செய்யலாம் என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் கிணற்றடியில் மற்றப் பெண்கள் எனக்கு வழிவிட்டு நிற்பதை நான் கற்பனை செய்து பார்த்ததும் உண்மை.

முதல் நாள் அயன் பெட்டியில் சிரட்டைக் கரி போட்டு அவருடைய வெள்ளைச் சட்டையை நானே அழுத்திக் கொடுத்தேன். பட்டறையில் எல்லாரும் வழியனுப்ப நின்றார்கள். ஐயா மந்திரி ஆகிட்டாரு, இனிமே நாங்க மனுக்குடுத்துத்தான் பாக்கணும் என்று பிட்டர் பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தோம்.

கந்தோரில் நாலைந்து கதிரைகளும் சில நீள வாங்குகளும் இருந்தன. வேலைக்குப் போன முதல் கிழமையே என் கணவர் அவற்றையெல்லாம் வெளியே எடுப்பித்தார். இருக்க இடம் கொடுத்தால் சனம் கதையில் இறங்கும், வேலை நடக்காது, நின்றால் எல்லாருடைய அலுவலும் கெதியில் முடியும் என்றார். அமைச்சருடைய கணக்கேதான். ஒரு கதிரை மட்டும் மிஞ்சியது. நாள் முழுக்கக் கையெழுத்து வைக்கிறவருக்கு மேசையும் கதிரையும் வேண்டும்தானே. மிச்சத்தை அவர் என் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். மண்ணில் இருந்த என் பிள்ளைகள் வாங்கில் ஏறி இருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இவரைப் போல ஓர் அதிகாரி உண்டா என்று எல்லா ரீச்சர்மாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

வரிசை உண்மையாகவே கெதியாக நகர்ந்தது. அவர் ஒருவருக்கும் சலுகை காட்டவில்லை. எங்கள் வீட்டு விளக்குக்கும் பங்கீட்டு எண்ணெய்தான். காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவார். அமைச்சர் கதைகள் நின்றுவிட்டன. நிம்மதி என்று முதலில் நினைத்தேன். பிறகு சாப்பாட்டு நேரத்தில் வீடு வெறிச்சென்று இருந்தது. பட்டறைப் பக்கம் போய்ப் பார்க்கவும் அவருக்கு நேரம் இருக்கவில்லை.

பிட்டர் பட்டறை வேலையோடு, கிணறு உள்ள ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் நட்டிருந்தார். குப்பையில் கிடந்த இறைப்பு இயந்திரம் ஒன்றைத் தானே பொறுக்கியெடுத்துத் திருத்தி வைத்திருந்தார். மகளின் கலியாணத்துக்கு அந்த மிளகாயைத்தான் நம்பியிருந்தது குடும்பம். வெயில் ஏறிய மாதங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைக்காவிட்டால் மிளகாய் நிற்காது. அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு என் கணவரின் கையெழுத்து வேண்டும்.

எனக்கு இதொன்றும் தெரியாது. ஒருநாள் பிட்டருடைய மனைவி என் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. கடைசிப் பிள்ளையைக் கொஞ்ச நாள் பள்ளிக்கு அனுப்பாமல் மறிக்கப்போவதாகச் சொல்ல வந்திருந்தா. வயலில் கூலி வேலைக்குப் போகிறார்களாம், வீட்டில் ஆளில்லையாம். உங்கட மிளகாய் என்னாச்சு என்று கேட்டேன். அவா பக்கத்தில் இருந்த வாங்கைத் தடவிப் பார்த்தா.

"இது அய்யா கந்தோரு வாங்குதானேம்மா. எங்க வீட்டுக்காரரு அங்க விடியக்காலையில போயி மத்தியானம் வரைக்கும் நின்னாரு. எங்க மாமனாரு தோட்டத்துல ஆபீசு வாசல்ல அப்படித்தான் நிப்பாரு. தொரை வர்ற வரைக்கும் மழையிலயும் நிப்பாரு. இனி ஒருத்தன் முன்னாடி அப்படி நிக்கக்கூடாதுன்னுதாம்மா இந்தக் காட்டுக்கு வந்தோம்."

கிராம அதிகாரியான விதானையாரின் கடிதம் ஒன்று குறைந்ததாம். என் கணவர் நிமிர்ந்து பார்க்காமலே, கடிதத்தோடு நாளைக்கு வா என்று சொன்னாராம். சரிங்க என்று பிட்டர் திரும்பி வந்துவிட்டார். அடுத்த நாளும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. மனைவி கெஞ்சியும் போகவில்லை. வாளியால் இறைத்துப் பார்த்தார்கள். எவ்வளவுக்குத்தான் இறைப்பது? மிளகாய் கருகிவிட்டது.

நான் அன்று பள்ளி முடிய வீட்டுக்குப் போகவில்லை. நேரே கந்தோருக்குப் போனேன். வாசலில் இருந்து மேசைவரைக்கும் சனம் நின்றது. கைக்குழந்தையோடு ஒருத்தி ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் என் கணவர் கதிரையில் இருந்தார். அந்த வெள்ளைச் சட்டைதான். அவருடைய தலை உச்சி மட்டும்தான் சனத்துக்குத் தெரிந்தது. இத்தனை மாதங்களில் நான் அந்தக் கந்தோருக்கு ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் இருந்த வாங்குகளை மட்டும்தான் நான் பார்த்தேன். அவை இல்லாத இடத்தைப் பார்க்கவில்லை.

விசயத்தைச் சொன்னதும் அவர் முதலில் நம்பவில்லை. அவன் வந்தவனோ, எப்ப வந்தவன், நான் காணேல்லையே என்றார். காணேல்லைதான், தலையை நிமித்தினால்தானே காணுறதுக்கு என்று நான் சொன்னேன். அவர் எழும்பி வெளியே வந்தார். சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மிளகாய்த் தோட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. காய் பிடித்த செடிகள் அப்படியே வதங்கிச் சாம்பல் நிறத்தில் நின்றன. பிட்டர் கிணற்றடியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, வாங்கய்யா, வாங்கம்மா என்று ஒரு சாக்கை உதறி விரித்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் என் கணவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சாக்கில் இருக்காமல் நின்றார். பட்டறையில் நாங்கள் நிக்கேல்லையோ, ஒருத்தரை ஒருத்தர் ஏசேல்லையோ, அதே பழக்கத்தைத்தானே அங்கயும் வச்சனான் என்று கேட்டார். அவர் குரல் கெஞ்சியதை அன்றுதான் முதல்தடவையாகக் கேட்டேன்.

பிட்டர் குனிந்து கருகிய செடி ஒன்றைப் பிடுங்கி வரம்பில் போட்டார்.

"பட்டறையில நீங்களும் நின்னீங்க ஐயா. அங்க நாங்க மட்டும்தான் நின்னோம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு எங்களுக்குத் தேநீர் வைக்கச் சொன்னார். பனங்கட்டிக் கடியோடு அந்தத் தேநீரைக் குடித்தோம்.

திரும்பி வரும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டு நடந்தார். நானும் கூட நடந்தேன். பாதி வழியில், அமைச்சருடைய கதையில் சொல்லாமல் விட்டதைச் சொன்னார். ஊருக்குத் திரும்புமுன் விடைபெறத் தலைநகருக்குப் போனாராம். அமைச்சுக் கட்டடத்தின் நடையில் கனத்த குளிர்ச்சட்டையோடு அரை நாள் நின்றாராம். அங்கேயும் கதிரை இல்லையாம். கடைசியில் அமைச்சர் நாலு பேரோடு வந்தாராம். இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம், ஆனால் நடை நிற்கவில்லையாம். கூட்டத்தில் தன்னை ஏசச் சொல்லிக் கேட்ட மனுசன், மாதக்கணக்கில் தினமும் கைகொடுத்த மனுசன், என்னை யாரென்று யோசிச்சுக்கொண்டே போனவர் என்றார். அதை இருபது வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல், அவரைப் பற்றி நல்ல கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்கு அந்த அமைச்சர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கணவர் மேல் வந்த பாசத்துக்கும் அளவில்லை. தெருவென்றும் பார்க்காமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த நாள் வாங்குகளையும் கதிரைகளையும் நானே திருப்பி அனுப்பினேன். என் பிள்ளைகள் மறுபடி மண்ணில் இருந்தார்கள். ஏன் ரீச்சர் என்று கேட்டார்கள். கடன் வாங்கினது, திருப்பிக் குடுக்க வேணும் என்று மட்டும் சொன்னேன். கந்தோரில் சனம் வாங்கில் இருந்தது. என் கணவர் தன்னுடைய கதிரையை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டே கையெழுத்து வைத்தார். ஒரு கிழமை வேசம் என்று நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் நின்றார். கால் நரம்பு புடைத்து வீங்கியது. ஒவ்வொரு பின்னேரமும் நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டபடி நான் ஏசுவேன். சனம் இருந்தால் போதும், நீங்கள் நிக்கவேணுமெண்டு ஆர் கேட்டது என்பேன். ஒருத்தரும் கேக்கேல்லை என்பார்.

ஆனால் ஒருவர் வருவார் என்று அவர் எதிர்பார்த்தது எனக்குத் தெரியும். பிட்டர் வரவில்லை. பிறகு வந்த போகங்களுக்கு அனுமதித் துண்டு எடுக்க, எல்லாக் கடிதமும் சரியாக வைத்து, மனைவியைத்தான் அனுப்பினார். அவா வாங்கில் இருந்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போவா. மகளின் கலியாணத்துக்கு எங்களை அழைத்தார்கள். போனோம். நல்லாத்தான் உபசரித்தார்கள். கந்தோர்ப் பேச்சை அங்கே ஒருவரும் எடுக்கவில்லை.

இரண்டாயிரத்தொன்றின் தொடக்கத்தில் கந்தோரில் இருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பட்டறைக்கே திரும்பப் போகிறேன் என்றார். மேலாளர் வேலைக்கு அங்கே வேறு ஒருவர் இருந்தார். காலைக் கூட்டத்தை நடத்தியது பிட்டர். என்ன வேலை தருவினம் என்று கேட்டேன். தந்தால் பாப்பம் என்றார். அவர் பயந்துபோயிருந்தார் என்பது சட்டைப் பொத்தானை மாற்றிப் பூட்டியதில் தெரிந்தது. நான் சரிசெய்து விட்டேன்.

அன்று என் சைக்கிள் சங்கிலிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சங்கிலி கழருது என்று சொல்லிக்கொண்டு அவருக்குப் பின்னால் நானும் பட்டறைக்குப் போனேன். தனியே விட மனம் கேட்கவில்லை. நாங்கள் போகும்போது கூட்டம் தொடங்கிவிட்டது. லேத்தைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். புதிய முகங்களும் இருந்தன. என் கணவர் வாசலில் தயங்கினார். பிட்டர் அவரைக் கண்டார். பேச்சை நிறுத்தவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றவர் மட்டும் கொஞ்சம் தள்ளி அரங்கினார். ஓர் ஆள் நிற்க இடம் வந்தது. என் கணவர் போய் அதில் நின்றார்.

பிட்டர் ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக்கொண்டு வந்தார். ஒருவருக்கு உழவு இயந்திரத்தின் கிளச்சு, ஒருவருக்குப் பற்றவைக்கிற வேலை. கடைசியாக இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இரணைமடுவுல இருந்து வந்த பம்பு உங்களுக்கு. நாலு நாளா கெடக்கு. இன்னைக்கு முடிச்சுக் குடுத்துருங்க."

ஓம் என்றார் என் கணவர். கையை மடித்து விட்டுக்கொண்டு அந்தப் பம்பிடம் போய்க் குந்தினார். நான் வாசலில் நிற்பது அவருக்கு நினைவே இல்லை. எங்கள் கலியாண வீட்டில்கூட அவருடைய முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை.

நான் சைக்கிளை மிதித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழி முழுக்க அழுதேன். அவருக்காகத்தான் அழுதேன். முகம் தெரியாத அந்த அமைச்சருக்காகவும் கொஞ்சம் அழுதேன். இன்றைக்கு இதை முடித்துக் கொடு என்று சொல்ல, கடைசிக் காலத்தில் அவருக்கு ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.